அம்மிக்கு வந்த வெயில்

ஐப்பசி மழைக்கு முன் கூரையை மாற்றவேண்டுமா என்று பார்க்க, கூரை வேயும் வேலுச்சாமி அண்ணன் இன்று வந்தார்.

"இந்த வருசம் தாங்கும்ணே. கீத்து நல்லாத்தான் இருக்கு" என்று முந்திக்கொண்டேன்.

அவர் மேலே பார்க்கவே இல்லை. அடுப்படியில் இருந்த என் மனைவியிடம், "மணி என்ன இருக்கும் தாயி?" என்றார்.

எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. அவள் தரையைப் பார்த்து, "வெயிலு அம்மிக்கு வந்திருச்சு. பத்தாச்சுண்ணே" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குள்ள இருந்தே வெயில் பாத்து மணி சொல்றாக. இன்னுமா அப்பு தாங்கும்?"

நாளை புதுக் கீற்று வருகிறது. அம்மிக்கு வெயில் விடும் அந்த ஒரு பொத்தலை மட்டும் அடைக்கக்கூடாதாம். "பஞ்சாயத்து ரேடியோ சாயங்காலந்தான் மணி சொல்லும். நான் எப்ப உலை வைக்க?" என்கிறாள்.

கூரையைப் பிரிக்குமுன் ஒரு கடிகாரம் வாங்கவேண்டும். உங்கள் வீட்டில் மணி சொல்வது கடிகாரமா, கூரையா?