பதினோரு நிமிட முடிச்சு

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்போது நான் சைகோனில், டான் சோன் நாட் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு குறுகலான சந்தில், சின்னதாக ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் காய்கறிக்காரம்மா முதல் எங்கள் முதலாளி வரை எல்லோர் வாயிலும் சைகோன்தான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

முதலாளி நாகூர்க்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். நான் காரைக்கால். கணவருக்கு, பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் அவரோடு போனவள். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்திருந்தேன். அதைச் சொல்லித்தான் பாயிடம் சேர்ந்தேன். கிடைத்ததோ, விமானத்தில் போகும் சரக்குக்கு ஏர்வே பில் டைப் செய்கிற வேலை. சரி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டேன்.

ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்றுதான் உயிர்நாடி. பல தாள் அடுக்கி அச்சடிக்கும் பழைய பிரிண்டர் அதோடு மட்டும்தான் ஒத்துப்போகும். அது கெட்டால் பில் அச்சாகாது. மழைக்காலத்தில் எங்கள் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், கொஞ்சம் ஆபீசுக்குள்ளும் எட்டிப் பார்க்கும். தரையில் வைத்திருந்த அந்தக் கம்ப்யூட்டரின் கேபினட் அடியெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. பவர் பட்டன் உள்ளே போய்விட்டதால் பேனா மூடியால் குத்தித்தான் ஆன் செய்வோம்.

ஒருநாள் பாயிடம் சொன்னேன். "உள்ள இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாய். பெட்டிதான் போச்சு. புது கேபினட் மட்டும் வாங்கிக் குடுங்க, நானே மாத்திடறேன்."

அவருக்குத் தயக்கம். வழக்கமாக வருகிற ஒரு ரிப்பேர்காரர் இருந்தார், அவரைக் கூப்பிடலாமே என்றார். நான் விடவில்லை. கடைசியில், "ஒழுங்கா ஓடுச்சுன்னா இனிமே மூணு கம்ப்யூட்டரும் உங்க பொறுப்பு தங்கச்சி. ஓடலேன்னா, டைப் பண்றதோட நிறுத்திக்கணும். அப்புறம் இதுல கை வெக்கக் கூடாது" என்றார்.

எனக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி நாலு வருடம், ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. படித்த படிப்பு பெட்டிக்குள் கிடந்த சர்ட்டிபிகேட்டாக மட்டும் இருந்தது. அன்று சாயங்காலமே போய் ஒரு பக்கம் கண்ணாடி வைத்த புது கேபினட் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத ஆபீசில் உட்கார்ந்து மாற்றினேன். எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் கட்டு மட்டும் பெட்டியில் இல்லை. என் கைப்பையில் பூக் கட்டுகிற நூல்கண்டு இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மல்லிகை கட்டிக் கொடுப்பது என் வழக்கம். பூக் கட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. அந்த நூலை எடுத்து, காம்பு நழுவாதபடி பூவை இறுக்குவது போலவே ஒயர்களை அடுத்தடுத்து முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கண்ணாடி வழியாகப் பார்க்க அவ்வளவு அழகு!

எங்களோடு ஒரு வியட்நாம் பெண் வேலை பார்த்தாள். மோட்டார் பைக்கில் பேப்பர்களை எடுத்துக்கொண்டு விமான நிலையச் சரக்குக் கிடங்குக்குப் போய் வருகிறவள். அக்கா என்று அர்த்தம் வரும்படி என்னை "சி" என்பாள். திங்கட்கிழமை வந்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். "சி, இது கம்ப்யூட்டரா, கல்யாண மாலையா?" என்று கேட்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பாய் பெருமையோடு பட்டனை அமுக்கினார். விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. திரையில் கம்பெனிச் சின்னம் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். பாய் ஐஸ் காபியை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். காபி தீர்ந்து ஐஸும் கரைந்தது. கடைசியில் கம்ப்யூட்டர் திறந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். அதற்கு முன் துருப்பிடித்த பெட்டியில் ஒரு நிமிடத்துக்குள் திறந்த அதே கம்ப்யூட்டர்!

"புதுசுல பாய், செட் ஆகும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். மறுநாளும் பதினோரு நிமிடம்.

பாய் ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, தெரியாதவர்கள் கை வைத்ததால் வந்த வினை, வேறு மெஷின்தான் போடவேண்டும் என்றார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, பாயிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமியத்தில், "எப்படிச் சொல்கிறீர்கள்? எதை வைத்துச் சோதித்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் பாயைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"விட்டுடுங்க தங்கச்சி. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? ஸ்க்ரூ டிரைவரை வெச்சிட்டு டைப் பண்ற வேலையப் பாருங்க" என்றார் பாய்.

"வெக்க மாட்டேன் பாய். அவரு திறந்துகூடப் பாக்கல. சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

அந்தப் பிரிண்டருக்கு ஒத்துவரும் பழைய மாடலைத் தேடிப் பிடிக்க ரிப்பேர்காரருக்கும் நாலு நாள் ஆகும். அதனால் பாய் ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை ஒரு மணிக்கு ரிப்பேர்காரர் வருவார். அதற்குள் சரியாகவில்லை என்றால் கம்ப்யூட்டர் அவரோடு போய்விடும், என் கையும் கட்டப்பட்டுவிடும்.

ஆனால் எப்போது பார்ப்பது? காலையில் ஒருமுறை ஆன் செய்தால் நாள் முழுக்க அதில் வேலை இருக்கும். ஒரே ஒரு நேரம்தான் இருந்தது. சைகோனில் மத்தியானம் சாப்பிட்டதும் ஆபீஸே தூங்கும். விளக்கை அணைத்துவிடுவார்கள். மடக்குக் கட்டிலை விரித்து, கோரைப்பாய் போட்டு, மேஜைக்கு அடியில் தலையை நீட்டி, பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை ஊரே அடங்கிக் கிடக்கும். எனக்கு அந்தத் தூக்கம் கடைசிவரை பழகவே இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டேன். போன் வெளிச்சத்தில், குறட்டைகளுக்கு நடுவே, திருகாணி உருளும் சத்தம்கூடக் கேட்காமல் வேலை.

புதன்கிழமை மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் திறக்கவேண்டும் என்ற வரிசையைச் சரிபார்த்தேன். பயனில்லை. ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் ஒயர்களைப் பழையபடி அழகாகக் கட்டிவிடுவேன். அதில் மட்டும் குறை வைத்ததில்லை.

வியாழக்கிழமை உள்ளே இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மேஜைமேல் ஓர் அட்டையில் பரப்பி, அப்படியே ஆன் செய்தேன். ஐம்பது விநாடி! எழுந்து நின்று கத்தலாம் போலிருந்தது. மதர்போர்டு நன்றாக இருக்கிறது, அந்த மனிதர் சொன்னது பொய். அவசர அவசரமாகத் திரும்ப உள்ளே பொருத்தி, ஒயர்களையும் கட்டி மூடினேன். பதினோரு நிமிடம்.

அப்படியென்றால் கேபினட்தான் மோசம் என்று முடிவுகட்டினேன். சாயங்காலம் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்கார அம்மாவிடம், உங்கள் பெட்டியின் தகடு போர்டின் முதுகில் இடிக்கிறது, ஓட்டைச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அவரோ போர்டைத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் பித்தளைத் திருகுகளில் ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்து, இதற்கும் சரியாகாவிட்டால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் இறங்கி வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அந்தத் திருகுகளையும் போட்டுப் பார்த்தேன். பதினோரு நிமிடம்.

சனிக்கிழமை மத்தியானம். கடைசி ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தினேன். ஒயர்களைக் கட்டக்கூடப் பொறுமை இல்லாமல், அவை பாட்டுக்கு வைக்கோல் மாதிரி கிடக்க, பட்டனை அமுக்கினேன்.

ஐம்பது விநாடி. கேபினட்டுக்குள்ளேயே!

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் நேரம் இருந்தது. ரிப்பேர்காரர் வரும்போது பார்த்து அசந்துபோகவேண்டும் என்று நூலை எடுத்து, வழக்கம்போல அடுத்தடுத்து முடிச்சுப் போட்டேன். என் கைவேலையை நானே ரசித்துவிட்டு, சந்தோஷத்துக்காக இன்னொரு முறை ஆன் செய்தேன்.

சின்னம் வந்து நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து. நடுவில் நான் செய்தது ஒரே ஒரு காரியம்தான். போன் வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனேன். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய டேட்டா கேபிளை, அதன் தலைக்குப் பக்கத்திலேயே என் முதல் முடிச்சு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கேபிள் மடங்கி, சொருகியிருந்த தலை கோணலாக இழுபட்டிருந்தது. டிஸ்க் அனுப்பியது சரியாகப் போய்ச் சேராமல், ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித்தான் கம்ப்யூட்டர் திறந்திருக்கிறது. நகவெட்டியால் அந்த ஒரு முடிச்சை வெட்டினேன். ஐம்பது விநாடி. மனசு ஒப்பாமல் திரும்பக் கட்டினேன். நின்றுவிட்டது. வெட்டினேன். ஐம்பது விநாடி.

மதர்போர்டும் இல்லை, கேபினட்டும் இல்லை. நான்தான்.

வெட்டிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் தூங்குகிறார்கள். நூலைக் குப்பையில் போட்டுவிட்டு, கேபினட்டில்தான் கோளாறு, பித்தளைத் திருகு போட்டதும் சரியாகிவிட்டது என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? கடைக்கார அம்மாவை ஏற்கெனவே திட்டியாகிவிட்டது, பழி அவர் தலையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொன்னால் பாய் போட்ட நிபந்தனைப்படி என் கதை முடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நூலைப் பந்தாகச் சுருட்டிக் குப்பைக்கூடை வரை கொண்டுபோனேன்.

ஆனால் கோபம் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு செத்தது என்று சொன்ன மனிதர் இன்னும் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து நடந்து வருவார். அவர் கையிலிருந்து யாரும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கப்போவதில்லை. நான் மட்டும் ஏன் ஒளிக்கவேண்டும்? ஒளித்தால், தப்பு செய்தவள் தொடக்கூடாது என்ற பேச்சுக்கு நானே தலையாட்டியதாக ஆகிவிடாதா?

ஒரு மணிக்கு விளக்குகள் எரிந்தன. கட்டில்கள் மடங்கின. ரிப்பேர்காரர் வந்து நின்றார். பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்னாச்சு தங்கச்சி?" என்றார். நான் பட்டனை அமுக்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்துகொண்டது. வியட்நாம் பெண் கைதட்டினாள். நான் நூலை மேஜைமேல் வைத்தேன்.

"கோளாறு இதுதான் பாய். நான் போட்ட பூக்கட்டு. கேபிளை இறுக்கிடுச்சு."

பாய் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப தப்பு உங்க மேலதானே?"

"ஆமா பாய், என் தப்புதான். கண்டுபிடிச்சதும் நான்தான். மதர்போர்டு போச்சுன்னு இவரு சொன்னாரு, இந்தா ஓடுது. அது யாரு தப்பு? இவர இனிமே தொடாதேன்னு சொல்லுவீங்களா? அப்படிச் சொன்னா நானும் வெச்சிடறேன். இல்லேன்னா வெக்க மாட்டேன்."

ஸ்க்ரூ டிரைவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். தமிழ் புரியாத ரிப்பேர்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாய் நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். பிறகு ரிப்பேர்காரரிடம் வியட்நாமியத்தில், மெஷின் வேண்டாம், வீணாக அலைய வைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தன் மேஜைக்கு அடியில் குனிந்து, தன்னுடைய துருப்பிடித்த கம்ப்யூட்டரைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கும் பெட்டி மாத்தணும். பூ மட்டும் கட்டிடாதீங்க, தாயே!"

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் அன்று சாயங்காலம் கடைக்குப் போகும்போது சிரிப்பு வரவில்லை. கத்துவதற்குத் தெரிந்த வியட்நாமியம் மன்னிப்புக் கேட்கும்போது வாயில் வரவே மாட்டேன் என்றது. பித்தளைத் திருகு பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, என் நெஞ்சைத் தொட்டு, என் தப்பு, என் தப்பு என்று இரண்டு முறை சொன்னேன். கூடவே, கட்டி எடுத்துப்போன ஒரு முழம் மல்லிகையையும் நீட்டினேன். அந்த அம்மா முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்து, எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். கடை வாசலில் நின்று நாலு முடிச்சு போட்டுக் காட்டினேன். பூவை அவர், அந்த ஊர் வழக்கப்படி தரையில் வைத்திருந்த சாமி மாடத்தில் ஊதுவத்திக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்கள் ஆபீசுக்கு எது வாங்கினாலும் அவர் கடையில்தான். ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பில்தான் இருந்தன.

இப்போது காரைக்காலில் இருக்கிறேன். தெரிந்தவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்க்கிறேன். சில சமயம் சொதப்புவதும் உண்டு. அப்போதெல்லாம் யாராவது ஒருவர், உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு என்று ஆரம்பிப்பார்கள். ஆமாம், தப்பு என்னுடையதுதான் என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அடுத்த திருகாணியைக் கழற்றுவேன். தப்பை ஒத்துக்கொள்வதற்கும் கையை எடுத்துக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம் என்று அந்தப் பதினோரு நிமிடம் எனக்குக் காட்டிவிட்டது.