டேப் போகாத கட்டம்

என் வலது கைக்கு இரண்டு வருடமாக நடுக்கம். சாப்பிட, பொட்டு வைக்க எப்படியோ சமாளித்துவிடுவேன். மவுசைத் தொட்டால்தான் வினை. கொல்லங்கோட்டைச் சொடுக்கப் போனால் கோழிக்கோடு திறக்கும். அதனால் மவுசைத் தலைமுழுகிவிட்டு, விசைப்பலகையோடு மட்டும் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டேன். டேப் தட்டினால் அடுத்த இடம், ஷிப்டைச் சேர்த்துத் தட்டினால் முந்தைய இடம், ஸ்பேஸ் தட்டினால் கட்டத்தில் டிக். வித்தை இவ்வளவுதான்.

அன்று அரசு நெல் கொள்முதலுக்குப் பதியக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். கோவிந்தாபுரம் பக்கத்து வயல் அப்பா என் பேருக்கு எழுதி வைத்தது. பதியாவிட்டால் மில்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மலையாள இணையதளத்தைக் கட்டியவர் மரியாதை தெரிந்தவர். படிவத்துக்கு விடுவதற்கு முன் எல்லாரையும் கும்பிட வைத்தார். பெரியவர்களின் சிரித்த படங்கள், பதினான்கு மாவட்டங்கள், என்றோ முடிந்துபோன அறிவிப்புகள். எதில் நிற்கிறேன் என்று காட்டும் கோடுகூடக் கிடையாது. அழகு கெட்டுவிடுமாம். எண்ணிக்கொண்டே தட்டினேன். நாற்பத்து மூன்றாவது தட்டில் படிவம் வந்தது. பக்கம் மாறினால் மறுபடி முதலிலிருந்து கும்பிடு.

நாற்காலிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் காவல் நின்றார்.

"அந்த மவுசை இங்க குடு அம்மிணி, ஒரு நிமிசத்துல முடிச்சுப் போடறேன்."

"நீங்க சும்மா இருந்தாலே பாதி முடிஞ்ச மாதிரிங்க."

சர்வே நம்பர், பரப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நானே அடித்தேன். கடைசியில் சத்தியவாங்மூலம், அதாவது உறுதிமொழி. மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும். டேப் அதைத் தாண்டி ஓடியது. பின்னாலிருந்து வந்தேன், அப்போதும் தாண்டியது. மவுசைப் பிடித்துப் பார்த்தேன். அம்பு திரை முழுக்கத் துள்ளியது. உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மிகப் பொறுமையாக, "மவுஸ் வச்சு ஒண்ணு கிளிக் செய்தால் மதி" என்றார். அது போதுமாம். கை நடுக்கத்தைச் சொன்னேன். "வீட்ல வேற ஆள் இல்லையா?" என்றார்.

நாலே முக்கால். எழுந்து இடம் விட்டேன். வீட்டுக்காரர் ஒரு சொடுக்குச் சொடுக்கினார். பதிவாகிவிட்டது.

"இதுக்குப் போயி மதியத்துல இருந்து மல்லுக்கட்டிட்டு இருந்தியே" என்றபடி காபி போடப் போனார். எனக்கு அழுகை வந்தது. நெல் தப்பித்ததே என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

திரையில் புதிதாக ஒரு பெட்டி எழுந்தது. இந்தச் சேவை எளிதாக இருந்ததா? டேப் தட்டினேன். என்ன பணிவு! ஒவ்வொரு நட்சத்திரத்தின் மேலும் மஞ்சள் கோடு போட்டு நின்றது. பாராட்டு வாங்கும் இடத்தை மட்டும் பழுதில்லாமல் செய்திருக்கிறார்கள்.

ஒற்றை நட்சத்திரத்தில் ஸ்பேஸ் தட்டினேன். கீழே கருத்து எழுத இடம் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும் என்று, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழிலேயே அடித்தேன்:

"வயல் என்னுடையது. நான் சொல்வது உண்மை என்று நானே சொல்ல ஒரு வழி வையுங்கள்."