நாலு மணி பெக்கப்

றக்வான பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கொமினிகேஷன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடம் என்னை அடித்துத் துரத்தியிருந்தது. கொம்பியூட்டர் பரவாயில்லை. அது கணக்குக் கேட்கவில்லை. யெஸ்ஸா நோவா என்று மட்டும்தான் கேட்டது.

கடை அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை, ஊருக்கே அக்கா. போனும் போட்டோகொப்பியும் பேருக்குத்தான். உண்மையான தொழில் கல்யாணப் பேச்சு. எந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குப் பெண் இருக்கிறது, என்ன நட்சத்திரம், யார் யாரை வேண்டாம் என்றார்கள் என்பதெல்லாம் ஒரு காலத்தில் அக்காவின் மண்டையிலும் துண்டுக் காகிதங்களிலும் கிடந்தன. அவருடைய தம்பி அதையெல்லாம் ஒரு டேட்டாபேஸாக்கிக் கொடுத்துவிட்டு டுபாய்க்குப் போய்விட்டான். அன்றிலிருந்து கடையில் காகிதத்துக்குத் தடை.

"கொம்பியூட்டர வச்சிக்கிட்டுத் துண்டு எழுதுறது, த்ரீவீல தள்ளிக்கிட்டு நடந்து போற மாதிரி" என்பார்.

அந்த டேட்டாபேஸ், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயம் மாதிரியே இருந்தது. ஆட்களுக்கு ஒரு காம்பரா, சாதகங்களுக்கு ஒரு காம்பரா, பேசிய இடங்களுக்கு ஒரு காம்பரா. நடுவில் ஒற்றைச் சுவர். ஒன்றில் இருமினால் மற்றதில் கேட்கும். ஒருவனைத் தெரியாமல் அழித்தால் அவனுடைய சாதகம் அநாதையாகிவிடும். அதனால்தான் டுபாய்த் தம்பி ஒரு சீடி அனுப்பி, பெக்கப் எடுக்கும் சொஃப்ட்வேரைப் போடச் சொன்னான். ஐப்பசி பிறந்த கையோடு நான் அதைப் போட உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

"பழைய பெக்கப்ப எவ்வளவு நாளைக்கு வச்சிருக்கணும்னு கேக்குதுக்கா."

"மூணு மாசம். அதுக்குள்ள முடியாத சம்பந்தம் எப்பவும் முடியாது."

"தினமும் முழுசா எடுக்கணுமா, மாறினத மட்டும் எடுக்கணுமான்னு கேக்குது."

"ரெண்டையும் எடு. மாப்பிள்ளைய முழுசாவும் பாக்கணும், நேத்துலயிருந்து என்ன மாறியிருக்கான்னும் பாக்கணும்."

இப்படியே ஒவ்வொரு கேள்விக்கும் கல்யாணத் தரகில் பதில் வந்தது. எல்லாம் பொருந்தியதுதான் ஆச்சரியம். முதல் முழு பெக்கப்பை நானே அமுக்கி எடுத்தேன். இனிமேல் மாற்றங்களை மட்டும் தினமும் கடை திறந்ததும் எடுக்கும். முழுசாக எடுக்க, கடையில் ஆள் இல்லாத நேரம் வேண்டும்.

"நாலு மணி" என்றேன்.

"ஆமாடா, நாலு மணிக்கு ஒரு ஈ காக்கா வராது" என்றார் அக்கா. இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

வாசலில் த்ரீவீல் நிறுத்தும் என் கூட்டாளி எட்டிப் பார்த்தான். அவனும் அந்த டேட்டாபேஸுக்குள் இருந்தான். அதுவரை பேசிய இரண்டு வீட்டிலும், ரோட்டில் திரிகிறவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"என்னையும் காப்பி எடுத்துட்டியா மச்சான்?"

"எடுத்தாச்சி. ஒரிஜினலையே எவளும் கேக்கல, காப்பிய வச்சி என்னா பண்ணப் போறோமோ தெரியல."

"இருடா, ஒனக்கு நரிதான் வந்து மால போடும்" என்று கறுவிவிட்டுப் போனான்.

கார்த்திகை பிறந்தும் இடி ஓயவில்லை. எங்கள் பக்கத்து இடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்குப் பின்னால் முதல் உறுமல் கேட்டதும் பஜார் முழுக்க பிளக் கழற்றும். சிங்களக் கடை, முஸ்லிம் கடை, எங்கள் கடை என்ற வித்தியாசமே கிடையாது. அக்கா கொம்பியூட்டர் பிளக்கைப் பிடுங்குவார், போன் வயரைப் பிடுங்குவார், கண்ணாடிக்குத் துணி போடுவார், கத்திரிக்கோலைக்கூட மேசைக்கு அடியில் ஒளித்துவைப்பார். "ஓஃப் பண்ணிட்டுக் கழட்டுங்கக்கா" என்று கத்துவேன். "இடி ஓஃப் பண்ணிட்டா வருது?" என்பார்.

ஒரு புதன்கிழமை பகல், ஓப்பநாயக்கப் பக்கமிருந்து அழைப்பு வந்தது. என் கூட்டாளிக்காகப் பேசியிருந்த மூன்றாவது வீடு. பெண்ணின் அப்பா சம்மதம் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் பெண் பார்க்க அவளுடைய அத்தை வீட்டுக்கு வரச் சொன்னார். தோட்டம், டிவிஷன், லயம் என்று அவர் சொல்லச் சொல்ல அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கொம்பியூட்டரில் அடித்தார். நான் வாசலுக்கு ஓடி, "டேய், ஒரு குருட்டுக் குடும்பம் சிக்கியிருச்சிடா!" என்று கத்தினேன். ஹயருக்கு ஆள் பார்த்துக் காத்திருந்தவன் ஹோர்னை அமுக்கிக்கொண்டே பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தான்.

சாயங்காலம் இடித்தது. அக்கா பிடுங்கினார். மழை விட்டதும் போட்டுப் பார்த்தால், கொம்பியூட்டர் எழும்பியது, டேட்டாபேஸ் எழும்பவில்லை. எழுதிக்கொண்டிருந்த நடுவில் பிளக் போனதில் முறிந்துவிட்டது.

கூட்டாளி நனைந்த சட்டையோடு உள்ளே வந்தான். "அட்ரஸத் தாங்கக்கா, அம்மாகிட்ட சொல்லணும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"அத்த வீடுதான்..." என்று இழுத்தார் அக்கா. "எந்தத் தோட்டம்னு... கேட்டுக்கிட்டே அடிச்சா மனசுல நிக்க மாட்டேங்குதுடா."

"அவங்களுக்கு ஒரு கோல் எடுங்களேன்."

"அவங்களும் எவன் கடையிலயிருந்தோதான் பேசினாங்க."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "வெள்ளிக்கிழம நான் போகலன்னா, ரோட்டுல திரியிறவன் ஏமாத்திட்டான்னு சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

முதல் தடவையாக எனக்குக் கேலி வரவில்லை. பெக்கப் சொஃப்ட்வேரைத் திறந்தேன். நாலு மணிப் பெக்கப் வரிசை மேலிருந்து கீழ்வரை சிவப்பு. ஒன்றுகூட முடியவில்லை. ஒவ்வொரு நாளும் பாதியில் அறுந்திருந்தது.

அவன் எட்டிப் பார்த்தான். "டேய், நாலு மணிக்குக் கடைக்கு ஏன்டா ஆள் வாறதில்ல?"

"ஏன்?"

"இடிக்கிறதாலதானடா, அனே!"

ஐப்பசி இடியில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர் யோசித்து யோசித்து வைத்த நேரம்!

ஆனால் நான் கையால் எடுத்த முதல் பெக்கப் பச்சையாக இருந்தது. காலையில் எடுத்த மாற்றங்களும் பச்சை. அதைத் திருப்பிப் போடப் போனபோது ஒரு கேள்வி வந்தது. உடைந்த டேட்டாபேஸின் குறிப்பேடான லொக்கில் இன்னும் எடுக்காத மிச்சம் இருக்கிறது, முதலில் அதை எடுத்து வைக்கட்டுமா? முன்பு விளையாட்டுக்குத் திருப்பிப் போட்டுப் பழகியபோதெல்லாம் நோ அமுக்கிய இடம் அது. விரல் பழக்கத்தில் நோவுக்கே போனது. நிறுத்தி, எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை வாசித்தேன். இன்று பகல் அடித்ததெல்லாம் அந்த மிச்சத்தில்தானே இருக்கும்? யெஸ்.

முதலில் பழைய முழு பெக்கப் ஏறியது. திறந்து பார்த்த அக்கா நெஞ்சில் கை வைத்தார். ஐப்பசியில் தாலி கட்டியவர்கள் எல்லோரும் மறுபடி குமரர்களாகி வரிசையில் நின்றார்கள்.

"ஐயோ சாமி, இதுல ஒருத்தன் பொண்டாட்டி முழுகாம இருக்காடா!"

"பொறுங்க, இப்ப கட்டிவைக்கிறேன்."

மாற்றங்களை ஒவ்வொரு காலையாக ஏற்றினேன். ஒன்று விட்டாலும் அடுத்தது ஏறாது. ஏற ஏற அக்கா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்: "இவனுக்குப் பேசி முடிச்சாச்சி... இவ வேணாம்னுட்டா... இந்தா, இவனுக்குக் கல்யாணம்!" ஒரு ஐப்பசி முழுவதும் கண்முன்னே மேளமில்லாமல் நடந்து முடிந்தது. கடைசியில் மிச்சம். எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை திரையில் மெதுவாக ஊர்ந்தது. கூட்டாளி என் தோளைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி இருந்தது.

வந்தது. சம்மதம். வெள்ளி காலை. அத்தை வீடு, தோட்டம், டிவிஷன், லயம், எல்லாம்.

"ஹரி! ஹரி! ஹரி!" என்று சிங்களத்தில் 'சரி' போட்டுக் கத்திக்கொண்டு அவன் என்னை ஸ்டூலோடு தூக்கினான். அக்கா பேனாவை எடுத்து அவனுடைய உள்ளங்கையில் விலாசத்தை எழுதத் தொடங்கினார்.

"காகிதம் கூடாதுன்னீங்களே?"

"இது காகிதமாடா? மாப்பிள்ள கை!" என்றவர், எழுதிக்கொண்டே, "முழு பெக்கப்ப இப்பவே எடு. இனிமே காலையில பத்து மணிக்கு வை. பிளக்க ஓஃப் பண்ணிட்டே கழட்டுறேன்" என்றார்.

அமுக்கினேன். பட்டை பாதி போயிருக்கும். மலைக்குப் பின்னால் மறுபடி உறுமியது. அக்காவின் கை, பாவம், தானாகவே பிளக்குக்குப் போனது. கூட்டாளி பாய்ந்துபோய்ச் சுவரை மறைத்து, இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"அக்கா, கும்புடுறேன், ஒரு நிமிசம் பொறுங்க. பொண்ணு ஏறிக்கிட்டு இருக்கு!"