சரி என்றால் சம்மதமல்ல

என் அலுவலகத்தில் கருணை என்பது ஒரு பயிற்சி வகுப்பு. வருகிறவருக்கு முதலில் தண்ணீர் தர வேண்டும். பிறகு நாற்காலியை நாமே இழுத்துப் போட வேண்டும். பிள்ளைகளைப் பற்றி விசாரித்த பிறகுதான் படிவத்தை எடுக்க வேண்டும். புனேயில் முதலீட்டு ஆலோசகராக இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் நான். அந்த வகுப்பைப் பல தடவை நானே எடுத்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

இதே ஊரில், கட்கியில் நான் வளர்ந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரர் ஃபேக்டரியில் என் அப்பாவிடம் வேலை பழகியவர். எனக்கு அண்ணன் முறை. எனக்குத் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். ஓய்வு பெற்றதும், கிடைத்த பணம் அத்தனையையும் புனேக்கு வெளியே தளேகாவில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு ஒதுக்கினார். சாவி கைக்கு வர மூன்று மாதம் ஆகும். அதுவரை பணம் பத்திரமாக இருக்கட்டும் என்று என்னைத் தேடி வந்தார். அன்று நான் விடுப்பில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அவரைக் கவனித்துக்கொண்டாள். ரொம்ப நன்றாகவே கவனித்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து மனைவியோடு வந்தார். அடுத்த மாதம் பில்டருக்குக் கொடுக்க வேண்டும், பணத்தை எடுத்துக்கொடு என்றார். நான் கணினியில் பார்த்தேன். பணம் முழுவதும் பத்து வருடத்துக்குக் கை வைக்க முடியாத ஒரு காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தது.

"அண்ணா, இது வேணாம்னு நீங்க சொல்லலையா?"

"எங்க சொல்றது பாப்பா? அந்தப் பொண்ணு மூச்சு விடாம பேசிகினே இருந்துச்சு. வந்ததும் தண்ணி குடுத்துச்சு, சேரை இழுத்துப் போட்டுச்சு. தங்கமான பொண்ணு. வீட்டுக்குப் போன அப்புறமும் எவரோ போன் பண்ணிப் பேசினாங்க. கம்முனு இருந்தா மரியாதையா இருக்காதேன்னு டீக் ஹை, டீக் ஹைன்னேன்."

அவர் மனைவி கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லிட்டாங்க பாப்பா. எங்க போறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தொலைபேசிப் பதிவை வாங்கிக் கேட்டேன். ஒப்புதலைச் சரிபார்க்கும் அழைப்பு அது. மறுமுனையில் இருந்தவர் வேக இந்தியில் ஒவ்வொரு விதியாக வாசிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் "டீக் ஹை", அதாவது "சரி", என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒருவர் பேசும்போது நாம் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே இருப்போமே, அந்தச் சரி. ஒத்துக்கொண்டேன் என்று அதற்குப் பொருள் கிடையாது. காது இங்கேதான் இருக்கிறது, நீ பேசு என்று பொருள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அவர் தமிழில் நினைத்து இந்தியில் பேசுகிறவர். அவர் சொன்னது "சரி". அவர்கள் எழுதிக்கொண்டது "சம்மதம்".

பாலிசியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க ஒரு கெடு உண்டு. அதற்கு மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது. நடந்ததை அப்படியே அண்ணன் பெயரில் கடிதமாக எழுதினேன். தவறு எங்கள் பக்கம் என்று என் குறிப்பையும் சேர்த்தேன். அண்ணன் தமிழில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் தண்ணீர் கொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். என் மகனின் படிப்பைப் பற்றிக்கூட விசாரித்தார். அப்போதே தெரிந்துவிட்டது. என் பாடத்தை எனக்கே நடத்துகிறார்.

பிறகு பேசினார். பதவி உயர்வுப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது என்றார். "டீக் ஹை, சார்" என்றேன். கடிதம் மேலே போனால் கிளைக்கே கெட்ட பெயர் என்றார். "டீக் ஹை." அந்தப் புதுப் பெண்ணின் வேலையும் போகலாம், யோசி என்றார். அது தைத்தது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. அதற்கும் "டீக் ஹை" என்றேன். அவர் முகம் தெளிந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்படியானால் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாய், இல்லையா?"

"இல்லை சார். இவ்வளவு நேரம் நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்."

எழுந்துகொண்டேன். இருபது வருடத்தில் அந்த அறையிலிருந்து நான் நிமிர்ந்து வெளியே வந்தது அன்றுதான். நேராக அந்தப் பெண்ணிடம் போய், உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பயப்படாதே என்றேன். அவள் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பழக்கத்திலா, பிரியத்திலா, தெரியவில்லை. குடித்தேன்.

பணம் திரும்பி வந்தது. அவர்கள் தளேகாவுக்குக் குடிபோனார்கள். பட்டியலில் என் பெயர் இல்லை. வேலையை விட்டு நானாகப் போவேன் என்று எதிர்பார்த்தார்கள். போகவில்லை. அந்த வகுப்பையும் விடவில்லை. இப்போது முதல் பாடமே வேறு: வந்தவர் "டீக் ஹை" என்றால் பேனாவைக் கீழே வை, "உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று கேள். விற்பனை குறைகிறதாம். குறையட்டும்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்களால உனக்கு வேலையில எதனா தொல்லையா பாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. நல்லாத்தான் இருக்கேன்."

"சரி" என்றார்.

அந்தச் சரி எனக்குத் தெரியும். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் நம்பவில்லை.