ஜனவரியில் பிறந்தவர்கள்

என் பெரியம்மா சந்திரவதனா குட்மேய்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார். அது சம்பளத்துக்கு. அவருடைய உண்மையான வேலை, கலியாணம் பேசும் குடும்பங்களுக்காக மாப்பிள்ளை வீட்டாரைத் துப்பறிவது. இதற்காக அவர் யாரையும் பின்தொடர்ந்து போனதில்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, பிரிட்டிஷ் அரசாங்கம் எல்லோரும் பார்க்கலாம் என்று விட்டிருக்கும் பதிவேடுகளில் தேடுவார். கம்பனி இயக்குநர்கள், கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தானவர்கள், கவுன்சிலின் கட்டட அனுமதிகள் எல்லாம் அங்கே இருக்கும்.

ஹவுன்ஸ்லோவில் நாலு அறை வீடு என்று பெருமை பேசிய ஒரு குடும்பத்தின் நாலாவது அறைக்குக் கவுன்சில் அனுமதி மறுத்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். சாதகம் பொருந்திய பிறகு பெரியம்மாவிடமும் ஒருமுறை கேட்பது எங்கள் ஆட்களிடையே வழக்கமாகிவிட்டது. ஐயர் சொல்வதை விட இவர் சொல்வதற்குத்தான் பயந்தார்கள்.

பெயரை நம்பக்கூடாது என்பது பெரியம்மாவின் முதல் விதி. தகப்பன் பெயர் ஒரு பதிவில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். ஒரே பெயரில் ஒரு கூட்டமே வந்து நிற்கும். ஆனால் கம்பனிப் பதிவேடு இயக்குநர் பிறந்த மாதத்தையும் ஆண்டையும் காட்டும். அதை வைத்து வடிகட்டினால் கடைசியில் ஒருவர்தான் மிஞ்சுவார். பெயர் பொய் சொன்னாலும் பிறந்த மாதம் பொய் சொல்லாது என்பார்.

அவருடைய மகள் ஜதுர்ஷிகா அக்கா, செவன் கிங்ஸில் இருக்கும் நிருஜன் அண்ணாவைக் கட்ட விரும்பினார். நிருஜன் அண்ணாவின் அப்பா தியாகராஜா, பொதி விநியோகிக்கும் வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்த்துச் சொல்வதற்காக என்று சொல்லி, அவருடைய பிறந்தநாளைப் பெரியம்மா நிருஜன் அண்ணாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். 1964, ஜனவரி முதலாம் தேதி.

வடிகட்டியதும் ஒரே ஒரு தியாகராஜா வந்தார். மூன்று கம்பனிகள் நடத்தி, மூன்றும் கலைக்கப்பட்டு, இனி இயக்குநராகவே இருக்கக்கூடாது என்று தடையும் வாங்கியவர். முகவரி லெஸ்டர் என்று வேறு நகரமாக இருந்தது. அங்கிருந்து ஓடி வந்திருப்பார் என்றார் பெரியம்மா. அப்பா கம்பனியே நடத்தியதில்லை என்று நிருஜன் அண்ணா சொன்னது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது. அன்றைக்கே நிருஜன் அண்ணா வீட்டுக்குப் போன் எடுத்து, இந்தச் சம்பந்தம் சரிவராது என்று சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை. அதே மடிக்கணினியில் தன் தாயின் பெயரைப் போட்டு, தாயின் பிறந்த மாதத்தையும் ஆண்டையும் வைத்து வடிகட்டினார். குறொய்டனில் இரண்டு அழகு நிலையங்களை நடத்தி வங்குரோத்தான ஒரு சந்திரவதனா வந்தார்.

“அம்மா, உங்களுக்கு ரெண்டு பியூட்டி பாலர் இருந்ததாம். எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை.”

“விசர்க்கதை கதையாதை. அது நானில்லை.”

“பிறந்த மாதம் பொய் சொல்லாது எண்டனீங்கள்.”

“எனக்கு எங்கையடி ஜனவரி? நான் ஆவணியிலை பிறந்தனான். இஞ்சை வரேக்கை கையிலை ஒரு பேப்பரும் இல்லை. இஞ்சத்தை அதிகாரியள்தான் ஜனவரி ஒண்டு எண்டு போட்டவங்கள்.”

“அப்ப நிருஜன்ரை அப்பா மட்டும் பேப்பரோடையே வந்தவர்?”

ஊரில் சண்டை நடந்த காலத்தில் பேப்பரில்லாமல் அகதியாக வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஜனவரி முதலாம் தேதிதான் பிறந்தநாள். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் கேக் வெட்டும் பெரியம்மாவுக்கு இது தெரியாத விஷயமல்ல. அடுத்தவர்களை வடிகட்டும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமையே செவன் கிங்ஸுக்குப் போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுத் தியாகராஜாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அண்ணை, நீங்கள் உண்மையாய் எந்த மாதம் பிறந்தனீங்கள்?”

“புரட்டாதி எண்டு அம்மா சொல்லுவா. எழுத்திலை எங்கையும் இல்லை.”

வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், 1964 செப்டெம்பரில் பிறந்த தியாகராஜாவைத் தேடினார். பாதுகாப்புக்கு ஒக்டோபரையும் பார்த்தார். எந்தப் பதிவேட்டிலும் அப்படி ஒருவர் இல்லை.

“நல்ல குடும்பம்,” என்றார் பெரியம்மா, மடிக்கணினியை மூடிக்கொண்டே. “ஒரு குற்றமும் இல்லை. நாள் வைப்பம்.”