மேகத்துக்கு மேலே, யாரும் கேட்காத காற்று

வானிலை வேலையில் மழையைச் சரியாகச் சொன்னால் மழைக்குப் புகழ், தப்பாகச் சொன்னால் நமக்கு ஏச்சு. நான் பார்த்ததோ மழைக்கும் மேலே உள்ள காற்றை. யார் கண்ணிலும் படாத வேலை பார்த்துத் தேய்ந்தவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள், உங்களுக்குப் புரியும்.

கல்யாணப் பந்தியில்

அலோர் காஜா என்ற ஊரில் ஒரு கல்யாணம். எதிரே உட்கார்ந்த உறவுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். மேகங்கள் முடிகிற உயரத்துக்கும் மேலே, நிலநடுக்கோட்டைச் சுற்றி ஒரு காற்று ஓடுகிறது. ஓராண்டுக்கு மேல் கிழக்கிலிருந்து வீசும், பிறகு மேற்கிலிருந்து. புதுக் காற்று உச்சியில் பிறந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ காலத்தில் அங்கே எழும் மழைமேகங்கள் கீழிருந்து அதை உலுக்கும். காற்று அவசரமாக இறங்கும். அதைப் பார்க்கத்தான் பலூன் விடுகிறோம்.

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அங்க மனுசனும் இல்ல, மரமும் இல்ல. அதுக்கா கவர்மெண்டு சம்பளம், அக்கா?"

செலண்டாரில் இறங்கிய பெட்டி

போன எல் நினோவில் மழை பொய்த்தது. பலூன் உயரே போய் வெடித்ததும் அதில் தொங்கும் கருவிப் பெட்டி குடை விரித்து எங்காவது விழும். ஒன்று செலண்டார் தோட்டத்து முனியாண்டி கோயிலருகே விழுந்தது. பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து அழைத்தார்கள். போனால், அதற்குத் திருநீறு பூசி, எலுமிச்சை வைத்து, மழை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேகத்துக்கு மேலே போய்க் காற்றை அளந்து அனுப்பி முடித்த வெறும் பெட்டி, தூக்கிப் போடுங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

கோயிலைப் பெருக்கும் லெட்சுமியக்கா அசையவில்லை. "வானத்துக்கு மேல போய்ட்டு வந்ததுன்னு நீயே சொல்ற. உங்க ஆபீஸ் மதிக்கலன்னா நாங்களும் மதிக்கக் கூடாதா?"

வெந்நீர்

அக்கா சொன்னது சுட்டது. அந்த மாதம்தான் எங்கள் நிலையத்தில் பெரிய பலூன்களை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பதில் கொடுத்த சின்னப் பலூன் மேகத்தைத் தாண்டியதும் கடுங்குளிரில் ரப்பர் விறைத்து வெடித்துவிடும். காற்று மாறும் உயரத்தை எட்டாது. கடல் சூடான வருடத்தைக் கோட்டைவிட்டால் திரும்ப அளக்க முடியாது. ஆகவே சின்னப் பலூனை வெந்நீரில் ஊறவைத்து இளக்கினேன், பழைய முறைதான். சில நாள் அது மேலே போனது.

உடன் வேலை செய்த பரமேஸ் சிரித்தாள்: "பலூனுக்கு இவ்ளோ பக்குவமா? பெரியப்பாவுக்கு என்னைக்காச்சும் இப்படி வெந்நீர் வெச்சிருக்கீங்களா, பெரியம்மா?"

பூட்டிய பானை

சிரிப்பு மேலதிகாரி காதுவரை போனது. தமிழர்தான், படித்தவர். வெந்நீர்ப் பானையை ஸ்டோரில் வைத்துப் பூட்டச் சொன்னார். மழை எப்போது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், மேலே உள்ள காற்றை எவன் கேட்டான் என்றார். இந்த வருடம் பார்க்காவிட்டால், நம் தலைக்கு மேலே கடல் அந்தக் காற்றை என்ன செய்தது என்று தெரியாமலே போகும் என்றேன்.

அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அடுத்த எல் நினோ வரும்லா, அம்மா. அப்ப பாத்துக்கலாம்."

அந்த வருடமும் காற்று தன் பாட்டுக்கு இறங்கித்தான் வந்திருக்கும். வானத்தைப் பார்க்கச் சம்பளம் வாங்கிய நாங்கள் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.