ஜானு யாரையும் அடித்ததில்லை

புருஷனைப் பூரிக்கட்டையால் அடிக்கிறவள் என்று மதுரை முழுக்கப் பேர் வாங்கிய ஜானு, கல்யாணமான நாளிலிருந்து ஒரு பூரி சுட்டதில்லை. அவள் கணவர் பசுபதிக்கு எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளாது. தின்றால் நெஞ்சைக் கரிக்கும். அதனால் அந்த வீட்டில் பூரிக்கட்டை என்கிற சாமானே கிடையாது. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். ஏழு வருஷம் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவள் நான். அந்த அடுப்படியில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

நான் அகிலாண்டம், தமிழாசிரியை. பசுபதி ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அது பகலில். சாயங்காலமானால் அவர் பட்டிமன்ற நடுவர். அந்தக் காலத்தில் மதுரையில் கோயில் திருவிழாவானாலும் சரி, மாதா கோயில் கொடியேற்றமானாலும் சரி, பட்டிமன்றம் இல்லாமல் நடக்காது. பசுபதியின் குழுவில் நான் நிரந்தரமாகப் பெண்கள் அணி. எதிரணியில் சத்தியசீலன். மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியார். மேடைக்குக் கீழே நல்ல மனிதர், மேடையில் ஏறினால் விடாக்கண்டர்.

பூரிக்கட்டை பிறந்த கதை இதுதான். எழுபத்தேழில் ஓர் ஊரில் கூட்டம் பாதியிலேயே எழுந்து போக ஆரம்பித்தது. பசுபதியின் நெற்றியில் அன்று ஒரு பிளாஸ்திரி. ஆபீஸ் பீரோக் கதவில் இடித்துக்கொண்டது. கூட்டம் கலைவதைப் பார்த்த மனிதர், பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டி, "இது என் மனைவி பூரிக்கட்டையால் எழுதிய முன்னுரை" என்று எடுத்து விட்டார். போன கூட்டம் திரும்பி வந்தது. அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டார். அதற்குப் பிறகு பூரிக்கட்டை இல்லாமல் அவர் மேடை ஏறியதே இல்லை.

ஜானுவோ பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்கிற ஜாதி. வாசலில் மாடு வந்து கோலத்தை நக்கினால், "போயிரும்மா, போயிரும்மா" என்று மாட்டிடம் கெஞ்சுவாள். இப்படிப்பட்டவளுக்கு ரேஷன் கடை வரிசையில் ஆம்பளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காய்க்காரி செல்லத்தாய் இவளைக் கண்டதும் நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கி வைப்பாள். ஒரு தடவை பாத்திரக்கடைக்காரர், "அக்கா, உங்களுக்குன்னே கனமா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்று பூரிக்கட்டையை நீட்டினார். கரண்டி வாங்கப் போனவள் வெறுங்கையோடு ஓடி வந்துவிட்டாள்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "அந்த மனுஷன் வாயை மூடச் சொல்லுடி. உன் மானத்தை மைக் வச்சு வாங்குறாரு, நீ காபி ஆத்திக் குடுத்துக்கிட்டு இருக்கே!"

"போகட்டும் டீச்சர். ஆபீசுல அவுகள யாரும் மதிக்க மாட்டாங்க. மேடையிலதான் நாலு பேரு கைதட்டுறாங்க. என்னையச் சொன்னா எனக்கு என்ன தேஞ்சா போவுது?" என்பாள்.

தேய்ந்துதான் போனது. எண்பத்து நாலு தை மாதம், அவர்கள் மகள் அங்கயற்கண்ணிக்கு ஒத்தக்கடையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. ஜாதகம் பொருந்தியது, பெண் பார்த்துப் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள், பெண்ணுக்கும் பிடித்திருந்தது. நாலாவது நாள் தரகர் பால்பாண்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீக. பொண்ணோட அம்மா கை நீட்டுற ஆளாம்ல? ஊரே சொல்லுதாம். தாய்க்கு உள்ள கைதான மகளுக்கும் இருக்கும்னு மாப்ள வீட்டுல பயப்படுறாக."

அன்றைக்குத்தான் ஜானுவின் குரல் முதல் முறையாக மாடிக்குக் கேட்டது. நான் பாதிப் படியில் நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏழு வருசமா என்னைய வச்சுச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். இப்ப எம் பொண்ணு உள்ள தலகாணிய நனைச்சுக்கிட்டுக் கிடக்குறா. எந்த மைக்குல பொய் சொன்னீங்களோ அதே மைக்குல நெசத்தச் சொல்லுங்க. சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க."

பசுபதியின் முகம் சுண்டிப் போயிருந்தது. "சொல்றேன் ஜானு. வண்டியூர்ல சொல்லிர்றேன்" என்றார்.

வண்டியூர் தெப்பத் திருவிழாவை ஒட்டி, குளத்தின் மேல்கரையில் பட்டிமன்றம். கூட்டம் இரண்டாயிரத்துக்குக் குறையாது. தலைப்பு என்ன தெரியுமா? 'குடும்பத்தில் அதிகம் அடிபடுவது கணவனா? மனைவியா?' விழாக் கமிட்டிக்காரர்கள் பசுபதியை மனத்தில் வைத்தே தலைப்பைப் போட்டிருந்தார்கள். ஜானுவும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் மகளும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்திருந்தது மேடையிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் சிறை என்று புதுச் சட்டம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் அதில்தான் ஆரம்பித்தேன். கன்னத்தில் விழுந்தால்தான் அடியா? சோற்றுத் தட்டை விசிறி எறிந்தால்? வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால்? பிறந்த வீட்டைச் சொல்லிச் சொல்லிக் குத்தினால் அதற்கு என்ன பேர்? பெண்கள் பக்கம் கைதட்டல் அள்ளியது.

சத்தியசீலன் எழுந்தார். "அம்மையார் அடியின் எல்லையை அகலப்படுத்திக்கொண்டே போகிறார். போகட்டும். என் மனைவி தெரசா போன வாரம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அது அடியில் சேருமா, சேராதா?"

"அந்த மூணு நாளும் உங்களுக்கு விடுமுறைன்னுல்ல நாங்க நெனச்சோம்!" என்றேன் உட்கார்ந்த இடத்திலிருந்தே. குளத்துத் தண்ணீர் வரைக்கும் சிரிப்பு கேட்டது.

மனிதர் அசரவில்லை. "இதோ, சிரிக்கிறீர்கள். அடிபட்ட பெண் அழுதால் சட்டம் வருகிறது. அடிபட்ட ஆண் அழுதால் சிரிப்பு வருகிறது. அந்தச் சட்டத்தில் எங்களுக்கு ஒரு வரி உண்டா? நம் நடுவர் எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்?" என்று பசுபதியைக் கைகாட்டினார். விசில் பறந்தது. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அதை ஒத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா? தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

தீர்ப்புச் சொல்ல பசுபதி எழுந்தார்.

"தீர்ப்புக்கு முன்னால் ஓர் உண்மை. என் மனைவி என்னை அடித்ததே இல்லை."

கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"சத்தியமாக இல்லை. ஏழு வருடமாக நான் சொன்னதெல்லாம் பொய்."

"அண்ணே, அக்கா முன்னாடி உக்காந்திருக்காக! அதான் இம்புட்டுப் பயம்!" என்று ஒருவன் கத்தினான். பெண்கள் பக்கமே முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கியது. கமிட்டித் தலைவர் காளை சிரித்த சிரிப்பில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயா, நம்புங்கள்! எங்கள் வீட்டில் பூரிக்கட்டையே கிடையாது!"

"ஒடஞ்சு போச்சாண்ணே?"

அவ்வளவுதான். சாமியானாவே ஆடியது. பசுபதி கைகூப்பினார், சிரித்தார்கள். கும்பிட்டுக்கொண்டே கண் கலங்கினார், இன்னும் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நன்றாக நடித்ததில்லை என்று எனக்குப் பின்னால் மைக்செட்காரர் வேறு மெச்சிக்கொண்டார். முன்வரிசையில் ஜானு தலையைக் குனிந்துகொண்டாள். அங்கயற்கண்ணி எழுந்து போகப் பார்த்தாள்.

மகள் எழுந்ததைப் பார்த்ததும் பசுபதிக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அவ என்னைய அடிக்கல! நான்தான் அவள அடிக்கிறேன்! தெனமும் அடிக்கிறேன்! போதுமா?"

பட்டென்று சிரிப்பு நின்றது. ஒருத்தரும் சத்தியம் கேட்கவில்லை. எதை வைத்து அடிக்கிறார் என்று ஒருவனும் கத்தவில்லை. ஆண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர், சரிதான் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்கள். கொசுவை அடித்தால்கூட அதன் பிள்ளைகுட்டியை நினைத்து வருத்தப்படுகிற மனிதர் அவர். ஏழு வருஷமாகக் கட்டிய பொய்யை உடைக்க ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த உண்மைக்கு ஒரு பைசா மரியாதை இல்லை. வாயில் வந்த புதுப் பொய்யை மட்டும் இரண்டாயிரம் பேரும் அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டுவிட்டேன்.

மூன்றாவது நாள் காலையில் ஒத்தக்கடைக்காரர்கள் பூவும் பழமுமாக வந்து இறங்கினார்கள். பையன், அவன் அப்பா சுப்பராமன், அம்மா நாகலக்ஷ்மி. நானும் கீழே இறங்கி ஜானுவுக்குத் துணையாக நின்றேன்.

"பொம்பள கை ஓங்குற வீடோன்னு பயந்துட்டோம். அப்படியில்லன்னு தெரிஞ்சிருச்சு. தை முடியுறதுக்குள்ள தட்ட மாத்திக்கிருவோம்" என்றார் நாகலக்ஷ்மி வாய் நிறைய.

பசுபதி குறுக்கிட்டார். "அப்ப, நான் அடிக்கிறேன்னு சொன்னது?"

"அட, அது எந்த வீட்டுல இல்லண்ணே? ஆம்பளைன்னா கோவத்துல ரெண்டு போடத்தான் செய்வாக. அதயெல்லாம் பாத்தா ஊருல ஒரு கல்யாணம் நடக்குமா?"

ஜானு காபித் தம்ளரை நாகலக்ஷ்மியின் முன்னால் வைத்தாள். எல்லாரிடமும் பேசுகிற அதே மெல்லிய குரலில் கேட்டாள்.

"உங்க வீட்டுலயுமாக்கா?"

நாகலக்ஷ்மி முதலில் புருஷனைப் பார்த்தார். சுப்பராமன் சுவரில் தொங்கிய காலண்டரில் நல்ல நாள் தேடிக்கொண்டிருந்தார்.

"எப்பவாச்சும். கொழம்பு ஆறிப் போனா, மறுபேச்சுப் பேசுனா. மத்தபடி தங்கமானவுக" என்று சிரித்தார். பிறகு பெருமையாக மகனைக் காட்டினார். "இவனும் அப்படியே அவுக அப்பாவ உரிச்சு வச்சுப் பொறந்திருக்கான்."

பையன் மறுத்து ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு பஜ்ஜியை எடுத்தான்.

ஜானு உள்ளே போய் மகளிடம் ஏதோ கேட்டாள். அங்கயற்கண்ணி வேண்டாமென்று தலையை ஆட்டியது கதவிடுக்கில் தெரிந்தது. திரும்பி வந்த ஜானு பூத்தட்டை எடுத்து நாகலக்ஷ்மியின் மடியிலேயே வைத்தாள்.

"காபியக் குடிங்கக்கா. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

"ஏன்? நாங்கதான் அதப் பெருசா எடுத்துக்கிறலையே?"

"நாங்க எடுத்துக்கிட்டோம்."

சுப்பராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திமிரைப் பார் என்று முணுமுணுத்தபடி தெருவில் இறங்கினார். பையன் அவர் பின்னால் போனான். நாகலக்ஷ்மி மட்டும் வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றார். செருப்பு காலடியில்தான் கிடந்தது. ஆண்கள் இருவரும் தெருமுனைக்குப் போகிற வரை பார்த்துவிட்டு, ஜானுவின் பக்கம் குனிந்தார்.

"மொதல்ல அவரு சொன்னதுதான் நெசமா? ஒரு நாள்கூடவா அடிச்சதில்ல?"

"இல்லக்கா. ஒரு நாள்கூட இல்ல."

நாகலக்ஷ்மி கொஞ்ச நேரம் பசுபதியையே பார்த்தார். அவர் எச்சில் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் தெருமுனையிலிருந்து ஓர் அதட்டல் வந்தது. "இந்தா வாரேங்க" என்று நாகலக்ஷ்மி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.